ஒலிப்பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் காந்தம்

நம் நெல்லைச் சீமையில் ஓசையின்றி நடைபெறும் விழா ஏது? அம்மன் கோயில் கொடையாயினும், மாதா கோயில் திருவிழாவாயினும், பள்ளி ஆண்டு விழாவாயினும், பந்தல்காலோடு ஒலிபெருக்கியும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரு காலத்தில் வேப்ப மரத்து உச்சியிலே கட்டிய குழாய்தான் ஊருக்கெல்லாம் பாடியது. "ரேடியோ செட் போட்டாச்சா?" என்று கேட்பது நம் பக்கத்து வழக்கு. பின்னர் மரப்பெட்டிகள் வந்தன. பெட்டியைத் தச்சர் செய்ய, உள்ளே இருப்பவற்றை மெக்கானிக் பூட்டிக் கொடுப்பது இன்றும் நம் ஊர்களில் நடைபெறும் தொழிலே. இக்காலத்தில் கைக்குள் அடங்கும் ஒலிப்பெட்டிகள் கடைதோறும் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆயினும் ஒரு மண்டபத்திற்கோ ஆலயத்திற்கோ வேண்டிய பெரிய பெட்டியைக் குறைந்த செலவில் தாமே செய்துகொள்ள விரும்புவோர் பலர் இருக்கிறார்கள்.

அவ்வாறு செய்த பெட்டியில் ஒரு குறை அடிக்கடி காணப்படுகிறது. ஓசை பெரிதாக இருக்கும், சொல் விளங்காது. வாசகம் வாசிக்கும் சிறுமி "வழி" என்று திருத்தமாகவே சொல்கிறாள். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டியின் காதிலே அது "வலி" என்று விழுகிறது. ஒலி எதிரொலிக்கும் கூரையும், மைக்கை வாயருகே பிடிக்காத கையும் இதற்குக் காரணமாகலாம். அவற்றைப் பற்றிப் பலரும் சொல்லிவிட்டார்கள். நாம் இங்கே சொல்லப் புகுவது அதிகம் பேர் கவனிக்காத ஒன்றை: பெட்டிக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களை எங்கே, எந்தத் திசையில் வைத்திருக்கிறார்கள் என்பதை.

பெரிய பெட்டியில் குறைந்தது இரண்டு ஒலிபெருக்கிகள் இருக்கும். தாழ்ந்த ஓசைக்கு அகன்ற ஊஃபர். உயர்ந்த ஓசைக்குச் சிறிய டுவீட்டர். ஊஃபரின் கனமான காகிதக் கூம்பால் விரைந்து அதிர இயலாது. டுவீட்டரின் மெல்லிய தகடோ மிருதங்கத்தின் அடியைத் தாங்காது. ஆகவே ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்னோட்டத்தை இரண்டாகப் பிரித்து, தாழ்ந்ததை ஒரு பக்கமும் உயர்ந்ததை மறு பக்கமும் அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்த வேலையைச் செய்வதுதான் கிராஸ்ஓவர். கேட்டால் பெரிய இயந்திரம் போலத் தோன்றும். பிரித்துப் பார்த்தால் ஒரு பலகைத் துண்டில் இரண்டு செம்புக் கம்பிச் சுருள்கள், இரண்டு கண்டென்சர்கள், அவ்வளவே.

சுருள் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு வழிவிட்டு உயர்ந்ததைத் தடுக்கும். கண்டென்சர் இதற்கு நேர்மாறு. ஊஃபருக்குச் செல்லும் வழியில் சுருளை வைத்து, ஊஃபருக்குக் குறுக்கே கண்டென்சரை இணைக்கிறோம். டுவீட்டருக்குச் செல்லும் வழியில் கண்டென்சரை வைத்து, டுவீட்டருக்குக் குறுக்கே சுருளை இணைக்கிறோம். 8 ஓம் ஒலிபெருக்கிகளை விநாடிக்கு 2500 அதிர்வுகளில், அதாவது 2500 ஹெர்ட்ஸில் பிரிக்க, லிங்க்விட்ஸ், ரைலி ஆகியோரின் பெயரால் வழங்கும் கணக்குப்படி, சுருள் ஒவ்வொன்றும் 1 மில்லி ஹென்றியும், கண்டென்சர் ஒவ்வொன்றும் 4 மைக்ரோ ஃபாரடும் இருந்தால் போதும். 4 மைக்ரோ ஃபாரட் கண்டென்சருக்கு நாம் சென்னைக்கு எழுதிப்போட வேண்டியதில்லை. மின்விசிறிக்குப் போடும் கண்டென்சரிலேயே அந்த அளவு உண்டு. நேர், எதிர் என்ற பேதமும் அதற்கு இல்லை. சுருளையும் வீட்டிலேயே சுற்றலாம். கிணற்று மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் கடையில் 20 கேஜ் எனாமல் கம்பி எடைக்குக் கிடைக்கும். 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரக் கட்டையில், 2 சென்டிமீட்டர் அகலத்துக்கு, அடுக்கிற்கு 20 சுற்று வீதம் 9 அடுக்குகள், ஆக 180 சுற்றுகள் சுற்றினால் ஏறக்குறைய 1 மில்லி ஹென்றி வந்துவிடும். கம்பியின் நீளம் 23 மீட்டருக்குச் சற்றுக் குறைவு; மின்தடை 0.6 ஓம் அளவில் இருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பின்னரும் பெட்டி சரியாகப் பேசாமல் போகக்கூடும். சுற்றுப்படம் எதை எதோடு இணைக்க வேண்டும் என்று சொல்கிறது. எங்கே வைக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. இடம் சிறிதாக இருக்கிறதே என்று இரண்டு சுருள்களையும் ஒட்டினாற்போல் வைப்பதும், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் வழக்கம். அடுக்குவது எல்லாவற்றிலும் கெடுதல்.

ஏன் என்பதை அறிய நாம் 1820ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அந்த ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். செய்தி பாரிஸ் நகரை எட்டிய சில வாரங்களுக்குள்ளேயே, ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசியான ஆம்பேர், மின்னோட்டம் பாயும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கவும் தள்ளவும் செய்கின்றன என்று காட்டினார். 1831இல் ஃபாரடே இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஒரு சுருளில் மின்னோட்டம் மாறும்போது, அதைத் தொடாமல் அருகே இருக்கும் மற்றொரு சுருளிலும் மின்னழுத்தம் தோன்றும் என்று நிறுவினார். மேல்வகுப்பு மாணவியர் பரிமாற்று மின்தூண்டல் என்று படிப்பது இதைத்தான். டிரான்ஸ்ஃபார்மர் இந்த விதியால்தான் வேலை செய்கிறது. நம் கிராஸ்ஓவரிலும் அதே விதிதான் வேலை செய்கிறது. நாம் அதை வேண்டவில்லை, அவ்வளவுதான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 250 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று வருகிறது. இது ஊஃபருக்கு உரியது. நாம் அமைத்த கிராஸ்ஓவர் இதில் நூற்றில் ஒரு பங்கை மட்டுமே டுவீட்டருக்கு விடும். இப்போது இரண்டு சுருள்களுக்கும் இடையே பத்தில் ஒரு பங்கு காந்தப் பிணைப்பு இருப்பதாகக் கொள்வோம். ஊஃபரின் சுருளில் பாயும் மின்னோட்டம் டுவீட்டரின் சுருளில் தூண்டும் மின்னழுத்தம், மொத்தத்தில் நூற்றில் இரண்டு பங்கு வருகிறது. கதவு வழியே ஒருவர் வருகிறார்; சுவர் ஏறி இருவர் வருகிறார்கள்! வாயிற்காவலனை நிறுத்தி என்ன பயன்?

நூற்றில் இரண்டு பங்கு காதுக்கு எட்டுமா என்று கேட்கலாம். 250 ஹெர்ட்ஸில் அது பெருங்குறை ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையான சேதம் பிரிக்கும் இடத்தில், அதாவது 2500 ஹெர்ட்ஸை ஒட்டி, நிகழ்கிறது. அங்கே அதே பிணைப்பு, டுவீட்டருக்கு உரிய மின்னழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அழையா விருந்தாளியைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சுருளைச் சுற்றிய திசையைப் பொறுத்து, அது ஓரிடத்தில் ஓசையைக் கூட்டும், ஓரிடத்தில் குறைக்கும். சுருள்களை அடுக்கி வைத்தால் பிணைப்பு இன்னும் கூடுமாதலால் சேதமும் கூடும். ல, ள, ழ என்ற மூன்றையும் நம் காது பிரித்து அறியும் அடையாளங்கள் பெரும்பாலும் 1500 முதல் 3500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியிலேயே அமைந்திருக்கின்றன. சரியாக அந்த இடத்திலேதான் நாம் ஒலியை இரண்டாக வெட்டி ஒட்டுகிறோம். ஒட்டு சரியாக அமையாவிட்டால் மிருதங்கம் பிழைத்துக்கொள்ளும், ழகரம் பிழைக்காது.

கண்ணுக்குத் தெரியாத காந்தத்தைக் கண்ணால் காணும் வழி நம் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. விலகு காந்தமானியை மேசை மீது டேன் ஏ நிலையில் வையுங்கள். காந்தத் துண்டுக்குப் பதிலாக நாம் சுற்றிய சுருளை, அதன் துளை ஊசியைப் பார்க்கும்படி கிழக்கு மேற்காக நிறுத்துங்கள். பாட்டரி, ரியோஸ்டாட், அம்மீட்டர் வழியாகச் சரியாக 1 ஆம்பியர் செலுத்துங்கள். சுருளின் நடுவிலிருந்து ஊசி 10 சென்டிமீட்டர் தொலைவில் இருந்தால் அது 45 பாகையைச் சற்றுத் தாண்டித் திரும்ப வேண்டும். ஏனெனில் அந்த இடத்தில் சுருளின் காந்தப்புலம் 0.4 காஸ் அளவுக்குச் சற்று மேல். நம் திருநெல்வேலியில் பூமியின் காந்தப்புலமும் ஏறக்குறைய 0.4 காஸ்தான். ஒரு பிடிக் கம்பி, ஒரு சாண் தூரத்துக்குள் பூமிக்கு நிகராக நின்று போட்டியிடுகிறது!

இப்போது சுருளை 20 சென்டிமீட்டருக்கு நகர்த்துங்கள். ஊசி 8 பாகைக்கு மேல் திரும்பாது. தூரம் இருமடங்கானால் காந்தப்புலம் பாதியாகும் என்றுதான் யாரும் எண்ணுவர். ஆனால் அது எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அடுத்ததாகச் சுருளைப் பழையபடி 10 சென்டிமீட்டரிலேயே வைத்து, ஊசியின் மட்டத்திலேயே தட்டுப் போலப் படுக்க வையுங்கள். துளை இப்போது கூரையைப் பார்க்கிறது. ஊசி அசையாது. மின்னோட்டம் குறையவில்லை, தூரமும் மாறவில்லை, திசை ஒன்றுதான் மாறியது. கிராஸ்ஓவர் அமைப்பவர் அறிய வேண்டிய முக்கால் பங்கு விஷயம் இந்த மூன்று அளவுகளில் அடங்கியிருக்கிறது.

இந்தச் சோதனைக்கு நம் ஊரைப் போல் ஏற்ற இடம் அரிது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடி வழியே, திருநெல்வேலிக்கு அருகே செல்கிறது. ஆகையால் இங்கே காந்த ஊசி தலை சாயாமல் ஏறக்குறைய முற்றிலும் கிடைமட்டமாக நிற்கும். லண்டனிலோ ஊசி செங்குத்தாகப் பாயவே முயலும். இதன் பொருட்டே அறிஞர்கள் நம் பக்கத்தைத் தேடி வந்தார்கள். பொருநை பிறக்கும் பொதிகையிலே, அகத்தியமலை உச்சியிலே, 1855ஆம் ஆண்டிலேயே ஒரு காந்த ஆய்வுக்கூடம் எழுந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வுக்கூடத் தலைவராயிருந்த ஜான் ஆலன் புரவுன் என்பவரே அதை அமைத்தவர். இன்று இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று நம் ஊருக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இயங்கி வருகிறது.

அந்நிறுவனத்தின் பழைய வரலாற்றிலே நம் கிராஸ்ஓவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பம்பாயில் கொலாபா என்னும் இடத்தில் பல்லாண்டுகளாகப் பூமியின் காந்தத்தை அளந்து வந்தார்கள். நகரில் மின்சார டிராம் வண்டி ஓடப்போகிறது என்று அறிந்ததும், அதன் மின்னோட்டம் தம் கருவிகளைக் குலைத்துவிடும் என்று உணர்ந்தார்கள். அப்போது தலைவராயிருந்த மூஸ், கருவிகளுக்கு வேலி போடவோ உறை மாட்டவோ முயலவில்லை. தெற்கே கடற்கரையிலுள்ள அலிபாக்கில், இரும்பு கலவாத கட்டிடம் ஒன்றை எழுப்பி 1904இல் அளவைத் தொடங்கினார். 1906 வரை இரண்டு இடங்களிலும் ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிட்ட பின்னரே கொலாபாவில் காந்த அளவு நிறுத்தப்பட்டது. 1907இல் பம்பாயில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. தூரமாகப் போவது, இரும்பை விலக்குவது, மாற்றிய பின் ஒப்பிட்டுப் பார்ப்பது ஆகிய மூன்றையும் நாம் பலகைத் துண்டின் மீது செய்ய வேண்டியிருக்கிறது.

பலகையில் இரண்டே சுருள்கள் என்றால் வழி எளிது. ஒன்றைப் படுக்க வையுங்கள். மற்றதை நிற்க வையுங்கள். இரண்டின் நடுப்புள்ளியும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு ஒரு சிறு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். பலகையின் எந்த மூலையில் வைத்தாலும் ஒன்றின் காந்தம் மற்றதன் துளைக்குள் நுழையாது. மூன்று ஒலிபெருக்கிகள் உள்ள பெட்டிக்குச் சுருள்கள் கூடும். அப்போது நிற்கும் சுருள்கள் இரண்டு இருக்க நேரும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்கிறார்கள். செங்குத்து மட்டும் போதாது. அவற்றின் அச்சுக்கோடுகள் "ட" என்ற எழுத்தைப் போல மூலையிலே சந்திக்குமானால் பிணைப்பு ஒழியாது. ஒரே பார்வையாகப் பக்கத்துக்குப் பக்கம் வைத்ததைவிட அது மிகுதியாகவே இருக்கக்கூடும். ஒன்றின் அச்சுக்கோடு, சுத்தியலின் கைப்பிடியைப் போல, மற்றதன் நடுவில் நேராகச் சென்று முட்ட வேண்டும். அப்போதுதான் பிணைப்பு மறையும்.

இதைக் காதால் கேட்டே சரிபார்க்கலாம். ஒரு சுருளையும், ஊஃபருக்குப் பதிலாக 8 ஓம் மின்தடை ஒன்றையும் வரிசையாக ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, 1000 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லிய அளவில் செலுத்துங்கள். மற்றொரு சுருளின் இரு முனைகளையும் ஓர் இயர்போனில் மாட்டுங்கள். கம்பி எதுவும் தொடவில்லையாயினும் இயர்போன் ஊளையிடும். சுருளை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், ஒரு நிலையில் ஓசை அடங்கி மீண்டும் எழும். அடங்கும் அந்த நிலையில் பென்சிலால் குறியிடுங்கள். கணக்குப் பாடம் கசக்கும் பிள்ளைகளும் இதை விரும்பிச் செய்வார்கள்.

சுருளைப் பலகையில் பொருத்த இரும்பு ஆணியை அதன் துளைக்குள் செலுத்துவது எளிய வழியாகத் தோன்றும். அவ்வாறு செய்தால் 1 மில்லி ஹென்றி என்று நாம் பாடுபட்டுச் சுற்றியது கூடிப்போகும். இரும்பு, காந்தத்தை வரவேற்கும். கெட்டியான நூலோ பிளாஸ்டிக் கட்டோ போதும். சுருளை உலோகச் சம்படத்துக்குள் மூடி வைத்தால் காந்தம் வெளியே வராதல்லவா என்று நினைப்பதும் உண்டு. சம்படத்தின் வட்டச் சுவர், இரு முனையும் சேர்த்த ஒற்றைச் சுற்றுச் சுருளாகவே நடந்துகொள்ளும். அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, நம் சுருளின் வலுவைத் தின்றுவிடும். ஊஃபரின் பின்புறக் காந்தம் நிலையான காந்தமாதலால், அசையாத செம்புச் சுருளில் அது மின்னழுத்தத்தைத் தூண்டாது. ஆனால் காந்தத்தின் இரும்புத் தட்டுகளும் ஊஃபரின் இரும்புச் சட்டமும் அருகிலிருந்தால் சுருளின் அளவு மாறும். இரும்பு உள்ளகம் வைத்த கடைச் சுருளானால், ஊஃபரின் காந்தமே அந்த உள்ளகத்தை முன்கூட்டியே நிரப்பிக் கெடுக்கும். ஆம்ப்ளிஃபயரும் அதே பெட்டிக்குள் இருந்தால் அதன் டிரான்ஸ்ஃபார்மரைக் கிராஸ்ஓவருக்கு எட்டாத மூலையில் வைக்க வேண்டும். பாபநாசத்து நீர்மின் நிலையம் 1944 முதல் தரும் மின்சாரமும் சரி, வேறெங்கிருந்து வருவதும் சரி, விநாடிக்கு 50 முறை ஊசலாடுவதே. அது சுருளுக்குள் நுழைந்தால் வண்டு ரீங்காரமாகக் கேட்கும்.

கம்பி இழுப்பதிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் போகும் கம்பியையும் வரும் கம்பியையும் சடை பின்னுவது போல முறுக்கிக் கொண்டுபோனால், இரண்டின் காந்தமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிரித்து வளையமாக விட்டால் அதுவே ஒரு பெரிய ஒற்றைச் சுற்றுச் சுருள். மேலும், கம்பி மிச்சம் என்று ஊஃபர், டுவீட்டர் இரண்டின் மைனஸ் முனைகளையும் பெட்டிக்குள்ளேயே சேர்த்து, ஒரே மெல்லிய கம்பியாகக் கிராஸ்ஓவருக்குக் கொண்டுவருவது உண்டு. 0.2 சதுர மில்லிமீட்டர் கம்பி 1 மீட்டர் நீளம் என்றால் அதன் மின்தடை 0.086 ஓம். ஊஃபரின் மின்னோட்டம் அதில் பாயும்போது நூற்றில் ஒரு பங்கு மின்னழுத்தம் அங்கே தங்கி, அப்படியே டுவீட்டருக்குப் போய்ச் சேரும். நாம் முன்பு பார்த்த 250 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் கிராஸ்ஓவர் விடும் பங்கும் அதே அளவுதான். இரண்டுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து, கிராஸ்ஓவரின் மைனஸ் முனை ஒன்றில் மட்டும் சேர்க்க வேண்டும். ஒரு மீட்டர் கம்பியில் மிச்சமாகும் காசு எவ்வளவு இருந்துவிடும்?

முடிவாக இணைக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளவும். நாம் சொன்ன இந்த வகைக் கிராஸ்ஓவரில் டுவீட்டரின் பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றி இணைப்பதே முறை. இல்லாவிடில் 2500 ஹெர்ட்ஸில் இரண்டு ஒலிபெருக்கிகளும் எதிரெதிராக அதிர்ந்து அந்த ஒலியையே விழுங்கிவிடும். மாற்றி இணைத்த பின், தோழி ஒருத்தியை மைக்கில் "வலி, வளி, வழி" என்று முறை மாற்றி மாற்றிச் சொல்லச் செய்து, கடைசி வரிசையில் மற்றொருத்தியை அமர்த்தி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். இருபது சொல்லில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். பிறகு சுருளைச் சற்றுத் திருப்பி மீண்டும் எண்ணுங்கள். சுருள்களைப் பிசினிட்டு ஒட்டுவது இதற்கெல்லாம் பிறகுதான். அதுவரை நூல் கட்டே போதும்.